வலி தொடங்கும் முன்பே பனிக்குடம் உடைந்தால்: பொறுத்திருப்பதா, மருந்து கொடுத்து வலியை வரவைப்பதா?

கார்முகில்

வணக்கம். முதல் குழந்தை, 37 வாரம் முடிந்திருக்கிறது. போன முறை பரிசோதனைக்குப் போனபோது மருத்துவர், "வலி தொடங்குவதற்கு முன்பே பனிக்குடம் உடைந்தால் இரண்டு வழி இருக்கிறது. மருந்து கொடுத்து உடனே வலியை வரவைக்கலாம், இல்லையென்றால் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம். வீட்டில் பேசி வையுங்கள்" என்றார்.

பேசியதில் குழப்பம்தான் கூடியது. "தண்ணீர் வடிந்துவிட்டால் உலர்ந்த பிரசவம், குழந்தை சிக்கிக்கொள்ளும், நேராக ஆபரேஷன் செய்யச் சொல்லிவிடு" என்கிறார் அத்தை. "மருந்து ஏற்றினால் அது சிசேரியனில்தான் கொண்டுபோய் விடும், எத்தனை நாளானாலும் பொறுத்துக்கொள்" என்கிறாள் அக்கா. இருவரும் என்மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி? இப்படி நடந்தவர்களும் இந்தத் துறையில் இருப்பவர்களும் சொல்லுங்கள். நல்லது, கெட்டது இரண்டையும் கேட்டுக்கொள்கிறேன்.

தென்றல்

எனக்கு இப்படித்தான் ஆனது, கார்முகில். நள்ளிரவில் திரும்பிப் படுத்தபோது இடுப்புக்குள் ஏதோ விட்டுப்போனது போல இருந்தது. எழுந்து நிற்பதற்குள் கணுக்கால் வரை வெதுவெதுப்பான தண்ணீர். வலி துளியும் இல்லை. துடைக்கத் துடைக்க வடிந்துகொண்டே இருந்தது.

மருத்துவமனையில் குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்தார்கள், நன்றாக இருந்தது. காலை வரை பார்க்கலாமா, இப்போதே தொடங்கலாமா என்று என்னிடமே கேட்டார்கள். தொடங்கிவிடுங்கள் என்றேன். வலியை வரவைக்கும் மருந்தான ஆக்சிடோசினை டிரிப்பில் ஏற்றினார்கள். மறுநாள் சுகப்பிரசவம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தானாக வரும் வலி படிப்படியாக ஏறும் என்பார்கள். எனக்கு டிரிப்பின் அளவைக் கூட்டக் கூட்ட, மூச்சு வாங்க இடைவெளியில்லாமல் அடுக்கடுக்காக வந்தது. வலி தணிக்க உங்கள் மருத்துவமனையில் என்னென்ன உண்டு, எபிடியூரல் (முதுகுத்தண்டு வழியாக வலியை மரத்துப்போகச் செய்யும் ஊசி) இரவிலும் கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மருதாணி

பிரசவ அறையில் செவிலியராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். கார்முகில், முதலில் அத்தையின் பயத்தைப் போக்கிவிடலாம். குழந்தை உலர்ந்துபோவதில்லை. பனிக்குட நீரில் பெரும்பங்கு குழந்தையின் சிறுநீர்தான். நிறைமாதத்தில் குழந்தை நாளொன்றுக்கு அரை லிட்டருக்கும் அதிகமாகச் சிறுநீர் கழிக்கிறது. அதனால் வடிய வடிய ஊறிக்கொண்டே இருக்கும். பனிக்குடம் உடைந்தது என்ற ஒரே காரணத்துக்காக உலகத்தில் எந்த வழிகாட்டுதலும் சிசேரியன் செய்யச் சொல்வதில்லை.

இது அபூர்வமும் இல்லை. நிறைமாதக் கர்ப்பிணிகளில் 100 பேரில் எட்டிலிருந்து பத்துப் பேருக்கு வலிக்கு முன்பே தண்ணீர் உடைகிறது. அப்படி உடைந்தவர்களில் 100க்கு ஏறத்தாழ 60 பேருக்கு 24 மணி நேரத்துக்குள் வலி தானாகத் தொடங்கிவிடும். அக்கா சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

ஆனால் "எத்தனை நாளானாலும்" என்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பனிக்குடத்தின் சவ்வு கிருமிகளுக்கு ஒரு தடுப்பு. அது கிழிந்த நிமிடத்திலிருந்து கீழேயுள்ள கிருமிகள் மேலே ஏற வழி திறந்துவிடுகிறது. சவ்வு உடையாத நிலையில் பச்சிளங்குழந்தைக்குக் கடுமையான தொற்று வரும் வாய்ப்பு 200 குழந்தைகளில் ஒன்று என்றால், முன்கூட்டியே உடைந்தால் 100 குழந்தைகளில் ஒன்று என்று பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதல் சொல்கிறது. சிறிய எண்தான். ஆனால் இரண்டு மடங்கு.

தண்ணீர் உடைந்ததும் செய்ய வேண்டியவை எளிமையானவை. மணியைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு எடுக்கும் முடிவெல்லாம் அந்த மணியை வைத்துத்தான். சுத்தமான நாப்கின் வைத்து நிறத்தைப் பாருங்கள். தெளிவாகவோ, வெளிர் மஞ்சளாகவோ, லேசாக இளஞ்சிவப்பாகவோ இருந்தால் பதற வேண்டாம். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள். அப்போதும், சிவப்பாக ரத்தம் வந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் யோசிக்க நேரமில்லை, உடனே கிளம்ப வேண்டும். உள்ளே விரல் விட்டுப் பார்க்காதீர்கள். டாம்பான் வேண்டாம், தாம்பத்திய உறவு கூடாது.

மருத்துவமனையிலும், வலி இல்லாதபோது அடிக்கடி உள்பரிசோதனை செய்ய வந்தால் "இப்போது இது அவசியமா?" என்று தயங்காமல் கேளுங்கள். ஒவ்வொரு பரிசோதனையும் கிருமிகளைக் கொஞ்சம் மேலே தள்ளுகிறது. பரிசோதனைகளின் எண்ணிக்கை கூடக் கூடத் தாய்க்குத் தொற்று கூடுவது ஆய்விலேயே தெளிவாகத் தெரிந்திருக்கிறது. ஒரு வார்டில் எத்தனை பேர் கை வைக்கிறார்கள் என்பது, மருந்தா பொறுமையா என்பதற்குச் சமமான கேள்வி.

நெய்தல்

நான் பொறுத்திருந்தவள். வருந்தவில்லை, ஆனால் முழுக்கதையும் தெரியட்டும். முதல் நாள் முழுவதும் நன்றாகவே இருந்தேன். நடந்தேன், தூங்கினேன், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை காய்ச்சல் பார்த்தார்கள். இரண்டாம் நாள் விடியும்போது உடம்பு நடுங்கியது. காய்ச்சல் 38 டிகிரிக்கு மேல். என் நாடியும் குழந்தையின் இதயத்துடிப்பும் வேகமெடுத்திருந்தன. பனிக்குடத்தில் தொற்று என்றார்கள். ஆன்டிபயாட்டிக் ஊசி, கூடவே ஆக்சிடோசின். சுகப்பிரசவம்தான். ஆனால் மகனைப் பிறந்தவுடன் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குக் கொண்டுபோய் ரத்தப் பரிசோதனை செய்து, ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் கண்காணித்தார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று அவன் புறங்கையில் ஒட்டியிருந்த ஊசிக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது ஓடியாடுகிறான்.

கார்முகில்

தென்றல், நெய்தல், நன்றி. மருதாணி அக்கா, நீங்கள் சொன்னதை அத்தைக்கு அப்படியே படித்துக் காட்டினேன். சிறுநீர் விஷயத்தைக் கேட்டு ஆச்சரியப்பட்டார்.

அப்படியானால் உடனே மருந்து கொடுப்பதுதான் நல்லதா? அக்கா சொல்கிற சிசேரியன் பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

மருத்துவர் முல்லை

மகப்பேறு மருத்துவத்தில் இருக்கிறேன். இந்தக் கேள்விக்கு நல்ல சான்று இருக்கிறது.

1996இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் டெர்ம் பிராம் என்ற ஆய்வு வெளியானது. ஆறு நாடுகள், 72 மருத்துவமனைகள், வலியில்லாமல் தண்ணீர் உடைந்த நிறைமாதப் பெண்கள் 5,041 பேர். சீட்டுக் குலுக்கல் முறையில் அவர்களைப் பிரித்து, சிலருக்கு உடனே ஆக்சிடோசின், சிலருக்கு உடனே கருப்பை வாயை இளக்கி வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் ஜெல் கொடுத்தார்கள். மற்றவர்களை நான்கு நாள் வரை காத்திருக்கவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் இவற்றில் ஒன்றைக் கொடுத்தார்கள். சிசேரியன் விகிதம் எல்லாக் குழுக்களிலும் 9.6 முதல் 10.9 சதவீதத்துக்குள்தான் இருந்தது. குழந்தைக்குத் தொற்று 2 முதல் 3 சதவீதம், அதிலும் பெரிய வேறுபாடில்லை. வேறுபட்டது தாய்க்கு வரும் பனிக்குடத் தொற்று. உடனே ஆக்சிடோசின் பெற்றவர்களில் 4 சதவீதம், காத்திருந்த குழுவில் 8.6 சதவீதம்.

ஆக, உங்கள் அக்கா அஞ்சுவது இந்த நிலைமைக்குப் பொருந்தவில்லை. மருந்து கொடுத்ததால் சிசேரியன் கூடவில்லை.

2017இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 23 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது, மொத்தம் 8,615 பெண்கள். உடனே பிரசவத்தை நோக்கிப் போவதால் தாய்க்குத் தொற்று குறைகிறது, குழந்தைக்கும் தொற்று குறையக்கூடும், சிசேரியன் கூடுவதில்லை என்பதே அதன் முடிவும். நிறைமாதத்தில் தண்ணீர் உடைந்தால் வலியைத் தூண்டலாம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது.

எண்களைத் தாண்டி ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த 1996 ஆய்வில், "உங்களுக்குக் கிடைத்த சிகிச்சையில் பிடித்தது எதுவுமே இல்லை" என்று சொன்னவர்கள் உடனே ஆக்சிடோசின் பெற்றவர்களில் 5.9 சதவீதம். காத்திருந்தவர்களில் 13.7 சதவீதம். காத்திருப்பது இயற்கையானது என்பதால் இதமாகவும் இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நிச்சயமில்லாமல் படுத்திருப்பதும் ஒரு பாரம்.

அதற்காக 24 மணி நேரம் பொறுக்க விரும்புகிறவரை நான் தடுக்க மாட்டேன். தண்ணீர் தெளிவாக இருந்து, காய்ச்சல் இல்லாமல், குழந்தையின் தலை கீழே இறங்கி, இதயத்துடிப்பு நன்றாக இருந்தால் அது நியாயமான தேர்வுதான். ஒரு விதிவிலக்கு. பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றக்கூடிய குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்திருந்தால் பொறுக்கக் கூடாது. உடனே பென்சிலின் ஊசி, உடனே வலி தூண்டல். அந்தப் பரிசோதனை உங்களுக்குச் செய்யப்பட்டதா என்று கேளுங்கள், கார்முகில்.

செங்காந்தள்

மருத்துவர் முல்லை சொல்லும் ஆய்வுகளை மதிக்கிறேன். ஆனால் வார்டில் நடப்பது வேறு. எனக்குக் காலையில் தண்ணீர் உடைந்தது, டிரிப் ஏற்றினார்கள், அன்று மாலைக்குள் "கருப்பை வாய் மூன்று சென்டிமீட்டரிலேயே நிற்கிறது, வேலைக்காகாது" என்று சிசேரியன். எனக்குக் காய்ச்சல் இல்லை. குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்று அவர்களே சொன்னார்கள். கையெழுத்துக் கேட்டு நின்ற பத்து நிமிடத்தில் என் கணவரிடம் யாரும் எதையும் விளக்கவில்லை. மருந்து கொடுப்பதால் சிசேரியன் கூடாது என்று புத்தகம் சொல்லலாம். அந்த மருந்துக்கு வேலை செய்ய நேரமே கொடுக்காவிட்டால்?

மருதாணி

செங்காந்தள், உங்கள் கோபம் சரியானது. இந்த இழையிலேயே மிகவும் அவசியமான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

முதல் பிரசவத்தில், கருப்பை வாய் இன்னும் பழுக்காத நிலையில் தண்ணீர் உடைந்தால், தொடக்கக் கட்டம் நீளும். மூன்று சென்டிமீட்டரில் மணிக்கணக்காக நிற்பது தோல்வி இல்லை. முழு வேகத்தில் வாய் திறக்கும் கட்டமே உலகச் சுகாதார நிறுவனக் கணக்கில் ஐந்து சென்டிமீட்டரில்தான் தொடங்குகிறது, அமெரிக்க மகப்பேறு மருத்துவக் கல்லூரியின் கணக்கில் ஆறில். பனிக்குடம் உடைந்த பிறகு குறைந்தது 12 முதல் 18 மணி நேரமாவது ஆக்சிடோசின் ஓடாமல், "வலி தூண்டல் தோற்றது" என்று முடிவுகட்டக் கூடாது என்பதும் அந்த அமெரிக்க அமைப்பின் அறிவுரைதான். தாயும் குழந்தையும் நன்றாக இருக்கும்வரை என்பது இதற்கு நிபந்தனை.

ஆகவே கார்முகில், சிசேரியன் என்று சொன்னால் கேட்க வேண்டியது இதுதான்: "காரணம் குழந்தையா, நானா, நேரமா?" குழந்தையின் இதயத்துடிப்பு விழுகிறது என்றால் பேச்சே வேண்டாம், கையெழுத்துப் போடுங்கள். உங்களுக்குத் தொற்று இருந்தால்கூட அதுவே சிசேரியனுக்குக் காரணமாகிவிடாது, ஆன்டிபயாட்டிக் கொடுத்துக்கொண்டே சுகப்பிரசவத்துக்குப் போகலாம், நெய்தலுக்கு நடந்ததுபோல. நேரம் மட்டும்தான் காரணம் என்றால், ஆக்சிடோசின் தொடங்கி எத்தனை மணி நேரமாகிறது, இன்னும் சில மணி நேரம் தர முடியாதா என்று உங்கள் கணவர் கேட்கட்டும். வலியில் கிடக்கும் பெண்ணால் அதைக் கேட்க முடியாது. கூட நிற்பவருக்கு இந்த மணிக்கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

மருத்துவர் முல்லை

மருதாணி சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன். செங்காந்தள், உங்கள் மருத்துவக் குறிப்புகளின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கர்ப்பத்தில் சுகப்பிரசவத்துக்கு முயல்வதா என்று பேசும்போது, முதல் சிசேரியன் எதற்காக நடந்தது என்பதுதான் முதலில் பார்க்கப்படும்.

பொன்வண்டு

ஒரு தகப்பனாக எழுதுகிறேன். மேலே எல்லாரும் நிறைமாதத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். என் மனைவிக்கு 34 வாரத்தில் உடைந்தது. அப்போது எங்களைக் காத்திருக்கச் சொன்னார்கள். இணையத்தில் "தண்ணீர் உடைந்தால் சீக்கிரம் பிரசவம் பாருங்கள்" என்று படித்துவிட்டு நான் மருத்துவரிடம் சண்டைக்கே போனேன். அவர் பொறுமையாக உட்காரவைத்து விளக்கினார். அந்த விளக்கம் இங்கேயும் இருந்தால் என்னைப் போன்றவர்களுக்கு உதவும்.

மருத்துவர் முல்லை

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். 37 வாரத்துக்கு முன் கணக்கு தலைகீழாகிறது. தொற்று ஒரு பக்கம், குறைமாதம் என்ற ஆபத்து மறுபக்கம். கர்ப்பிணிகளில் 100 பேரில் மூன்று பேர் வரை இந்த நிலைமைக்கு ஆளாகிறார்கள்.

34 வாரம் முதல் 37 வாரம் முடியும் முன்பு வரையான காலத்துக்கு, 2016இல் 'லான்செட்' இதழில் வந்த பிராம்ட் ஆய்வு வழிகாட்டுகிறது. 11 நாடுகளில் 1,839 பெண்கள். உடனே பிரசவம் பார்த்ததால் குழந்தைக்குத் தொற்று குறையவில்லை: உடனே பிரசவம் பார்த்தவர்களில் 2 சதவீதம், காத்திருந்தவர்களில் 3 சதவீதம், குறிப்பிடத்தக்க வேறுபாடு அல்ல. மாறாக, மூச்சுத் திணறல் 5 சதவீதத்திலிருந்து 8 ஆகவும், சிசேரியன் 19இலிருந்து 26 ஆகவும் கூடியது. காத்திருந்த தாய்மாருக்கு ரத்தப்போக்கும் காய்ச்சலும் சற்று அதிகம். அதனால்தான் தாய்க்கும் குழந்தைக்கும் தொற்றின் அறிகுறி இல்லாதபோது, நெருங்கிய கண்காணிப்போடு காத்திருக்கச் சொல்கிறோம். உங்கள் மருத்துவர் செய்தது இதைத்தான்.

34 வாரத்துக்கும் முன்பு என்றால் காத்திருப்பது இன்னும் உறுதியான அறிவுரை. குழந்தையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போடுகிறோம். பீட்டாமெத்தசோன் 12 மில்லிகிராம், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை, அல்லது டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு முறை. கூடவே ஆன்டிபயாட்டிக். எரித்ரோமைசின் பலன் தருவதாக 2001இன் ஆரக்கிள் ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் கோ-அமாக்சிகிளாவ் கொடுக்கப்பட்டவர்களின் குழந்தைகளுக்குக் குடல் அழுகும் நோய் அதிகமாகக் காணப்பட்டதால் அதைத் தவிர்க்கிறோம். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். மிகவும் குறைமாதத்தில் பிரசவம் நெருங்கினால், குழந்தையின் மூளையைக் காக்க மெக்னீசியம் சல்பேட் தருவதும் உண்டு.

கடலலை

எனக்கு முதல் பிரசவம் சிசேரியன். இரண்டாவதில் தண்ணீர் முதலில் உடைந்தால் இதே தேர்வுகள் எனக்கும் உண்டா?

மருத்துவர் முல்லை

உண்டு, ஆனால் கவனம் கூடுதல். தானாக வலி வந்தால் பழைய தையல் விட்டுப்போகும் வாய்ப்பு 200 பேரில் ஒருவருக்கு. வலியைத் தூண்டினால் அது இரண்டு, மூன்று மடங்காகலாம். வலியைத் தூண்டும் மிசோபிராஸ்டால் மாத்திரையை உங்களுக்குப் பயன்படுத்தக் கூடாது. ஆகவே சற்றுப் பொறுத்துப் பார்ப்பது, அளவாக ஆக்சிடோசின், மறுபடி சிசேரியன் என்று மூன்று வழிகளையும் தண்ணீர் உடைவதற்கு முன்பே பேசி, உங்கள் கோப்பில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

நெய்தல்

நான் மருத்துவமனையில் காத்திருந்தேன். வீட்டிலேயே காத்திருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்களே?

மருதாணி

சில நாடுகளில் அனுமதிக்கிறார்கள், நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை காய்ச்சல் பார்க்கச் சொல்லி அனுப்புகிறார்கள். ஆனால் டெர்ம் பிராம் ஆய்வின் தரவுகளைப் பின்னர் பிரித்துப் பார்த்தபோது, மருத்துவமனையில் காத்திருந்தவர்களைவிட வீட்டில் காத்திருந்தவர்களின் குழந்தைகளுக்குத் தொற்று அதிகமாக இருந்தது. முதல் பிரசவக்காரர்களுக்கு ஆன்டிபயாட்டிக் தேவைப்பட்டதும் அதிகம். என் தங்கையாக இருந்தால் மருத்துவமனையில்தான் இருக்கச் சொல்வேன். குறைந்தபட்சம், ஒருமுறையாவது போய்க் குழந்தையின் துடிப்பையும் தலையின் நிலையையும் காட்டிவிட்டு வராமல் வீட்டில் இருக்கவே கூடாது.

கார்முகில்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அக்காவும் நானும் சேர்ந்து உட்கார்ந்து முழுவதையும் படித்தோம். தண்ணீர் உடைந்தால் உடனே போய்க் காட்டுவது, எல்லாம் சரியாக இருந்தால் காலை வரையோ மாலை வரையோ மட்டும் பொறுப்பது, பிறகு ஆக்சிடோசின் என்று முடிவு செய்திருக்கிறேன். கிருமிப் பரிசோதனை செய்யப்படவில்லை, இந்த வாரமே கேட்கப் போகிறேன். 12 முதல் 18 மணி நேரம் என்பதை என் கணவர் எழுதி வைத்துக்கொண்டார்.

கடைசியாக ஒரு சந்தேகம். இப்போதே தும்மினால் உள்ளாடை நனைகிறது. அது சிறுநீரா, பனிக்குட நீரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மருதாணி

சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிட்டு, உலர்ந்த நாப்கின் வைத்து அரை மணி நேரம் படுத்திருங்கள். பிறகு எழுந்து நில்லுங்கள். உள்ளே தேங்கியிருந்த பனிக்குட நீர் எழும்போது குபுக்கென்று வரும், அடக்க நினைத்தாலும் நிற்காது. சிறுநீர் வாடை இருக்காது. தும்மும்போது மட்டும் வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் சிறுநீர்தான்.

ஆனால் சவ்வு மேல்பகுதியில் கிழிந்தால் சொட்டுச் சொட்டாக மட்டுமே கசியும், அதை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. சந்தேகம் தீரவில்லையென்றால் போய்க் காட்டுங்கள். கிருமி நீக்கிய கருவியால் மெல்ல விரித்து, நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். விரல் பரிசோதனை தேவையில்லை. நீரின் காரத்தன்மையைக் காட்டும் தாளும் உண்டு. ஆனால் ரத்தமோ விந்துவோ கலந்திருந்தால் அது ஏமாற்றும், அதனால் அதை மட்டும் நம்பி முடிவு செய்ய விடாதீர்கள்.

மருத்துவர் முல்லை

ஒன்றைச் சேர்க்கிறேன். அபூர்வம், ஆனாலும் கூட இருப்பவர்கள் தெரிந்திருக்க வேண்டும். தலை இறங்காத நிலையில் தண்ணீர் பெருக்கெடுத்தால் தொப்புள்கொடி முன்னால் நழுவி வரலாம். வெளியே கயிறுபோல ஏதாவது தென்பட்டாலோ தட்டுப்பட்டாலோ அதைத் தொடாதீர்கள், உள்ளே தள்ளாதீர்கள். முழங்காலும் முழங்கையும் ஊன்றி, இடுப்பு உயர்ந்து தலை தாழ்ந்திருக்கும்படி குனிந்திருங்கள். ஆம்புலன்ஸில் ஏறியதும் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, இடுப்புக்கு அடியில் தலையணை வையுங்கள். கிளம்பும்போதே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டால், நீங்கள் போய்ச் சேரும்போது அறுவை அறை தயாராக இருக்கும்.